கஜினி அரண்மனையின் கடித எழுத்தர்



ஒரே தேர்வை விடாமல் எழுதிக்கொண்டிருப்பவரை நம்மூரில் ‘கஜினி முகமது’ என்பார்கள். பதினேழு படையெடுப்பு, சோமநாதர் கோயில் என்று சொல்லிவிட்டுப் பள்ளிப் பாடமும் அவரைக் கடந்து போய்விடும். ஆயிரம் ஆண்டுக்கு முன் அந்த கஜினி நகரத்தில் மனிதர்கள் எதற்கு அஞ்சினார்கள், யார் யாரைக் கெடுத்தார்கள், பெருமழை பெய்தால் கடைத்தெரு என்ன ஆனது என்பதையெல்லாம் நமக்கு யாரும் சொன்னதில்லை. இந்த இதழை அந்தப் பாரசீக மொழி உலகத்துக்காக ஒதுக்கியிருக்கிறோம். கட்டுரைகளுக்குள் போகும் முன் ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்த ஆசை. அவர் அரசரும் அல்ல, தளபதியும் அல்ல. அரண்மனையில் கடிதம் எழுதிப் பிழைத்தவர். பெயர் அபுல் ஃபஸ்ல் பைஹகி.

இன்றைய ஈரானின் சப்ஸவார் பகுதிக்கு அன்று பைஹக் என்று பெயர். அங்கே 995-இல் பிறந்தவர், நிஷாப்பூரில் படித்து, கஜினி அரசின் கடிதத் துறையில் சேர்ந்தார். அதன் தலைவர் அபூ நஸ்ர் முஷ்கானிடம் 19 ஆண்டுகள் வேலை. பாக்தாத் கலீஃபாவுக்கும், ஆமு நதிக்கு அப்பாலிருந்த துருக்கிய கான்களுக்கும் போகும் கடிதங்களை முஷ்கான் வரைந்து தருவார். பைஹகி அவற்றை அழகாகப் படியெடுப்பார். தனக்கென்றும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வார். பிற்காலத்தில் பதவி போய், சிறைவாசமும் வந்தபோது, அந்தக் காகிதங்களை வேண்டுமென்றே அழித்துவிட்டார்கள். அந்த வருத்தம் அவர் எழுத்தில் கடைசிவரை தீரவில்லை. எஞ்சிய குறிப்புகளையும் நினைவையும் வைத்து, முதுமையில் கஜினி அரசின் வரலாற்றை எழுத உட்கார்ந்தார். மொத்தம் முப்பது தொகுதிகளுக்கு மேல் எழுதியதாக அடுத்த நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் ஒருவர் சொல்கிறார். நமக்குக் கிடைத்திருப்பது பெரும்பாலும், நாம் ‘கஜினி முகமது’ என்று சொல்லும் சுல்தான் மஹ்மூதின் மகன் மஸ்ஊத் ஆண்ட 1030 முதல் 1041 வரையிலான பகுதி மட்டுமே.

தன் கண்ணால் கண்டதை எழுதுவார். அல்லது நம்பத் தகுந்தவர் சொன்னதை, சொன்னவர் பெயரோடு எழுதுவார். நாள், கிழமை விடுபடாது. 1031-இல் கஜினியில் வந்த வெள்ளத்தை, ஒரு சனிக்கிழமை பகலில் விழுந்த சிறு தூறலிலிருந்து தொடங்குகிறார். ஆற்றுப்படுகையில் கால்நடைகளோடு தங்கியிருந்தவர்களை எழுந்து போகச் சொல்கிறார்கள், அவர்கள் அசையவில்லை. அப்புறம் வெள்ளம் வந்து பாலத்தையும் கடைவீதியையும் கொண்டுபோகிறது. அரசர்களின் வெற்றிப் பட்டியலே வரலாறு என்றிருந்த காலத்தில் இதையெல்லாம் எழுதத் தோன்றியதே, அதுவே எனக்குப் பெரிது. மஸ்ஊதின் படையில் திலக் என்றொரு இந்தியத் தளபதி இருந்தார். முடிதிருத்துபவரின் மகன், தன் மொழியையும் பாரசீகத்தையும் நன்றாக எழுதத் தெரிந்தவர். அவர் உயர்ந்ததைப் பைஹகி கொஞ்சமும் முகம் சுளிக்காமல், மதிப்போடு சொல்கிறார்.

ஆனால் அவரை மறக்க முடியாதவராக ஆக்குவது ஹசனக்கின் கதை.

ஹசனக் சுல்தான் மஹ்மூதின் கடைசி வஸீர், அதாவது தலைமை அமைச்சர். அதற்கு முன்பு, ஹஜ் முடித்துத் திரும்பும் வழியில், எகிப்தை ஆண்ட ஃபாத்திமிய கலீஃபாவின் மரியாதை அங்கியை ஏற்றுக்கொண்டிருந்தார். ஃபாத்திமியர்களின் எதிரியான பாக்தாதின் அப்பாஸிய கலீஃபா கொதித்தார். இவன் கர்மத்தி, மதவிரோதப் பிரிவைச் சேர்ந்தவன் என்றார். அந்நாளில் அந்தப் பழி ஒன்றே தலை போகப் போதும். மஹ்மூத் விட்டுக்கொடுக்கவில்லை. அங்கியை பாக்தாதுக்கு அனுப்பி எரிக்கச் செய்தார், ஆளைக் காப்பாற்றினார். 1030-இல் மஹ்மூத் இறந்தார். அரியணைப் போட்டியில் ஹசனக் மஹ்மூதின் இன்னொரு மகன் முஹம்மதின் பக்கம் நின்றார்; வென்றதோ மஸ்ஊத். பழைய குற்றச்சாட்டு தூசி தட்டி எடுக்கப்பட்டது. எடுத்தவர் பூ ஸஹ்ல் ஸவ்ஸனி என்ற அதிகாரி. ஹசனக்கின் வாசலில் தான் ஒருமுறை அவமதிக்கப்பட்டதை அவர் மறக்கவில்லை.

பால்க் நகரில், ஹசனக்கின் சொத்துகளை அரசர் பெயருக்கு எழுதி வாங்க அவரை அழைத்து வந்தபோது, பைஹகி வெளியே திண்ணையில் காத்திருந்தார். ஹசனக்கின் மங்கிய கறுப்பு அங்கி, நிஷாப்பூர் தலைப்பாகை, காலில் புதிய காலணி, தலைப்பாகைக்குக் கீழே ஒழுங்காக வாரிய முடி என்று ஒன்றையும் விடாமல் எழுதியிருக்கிறார். உள்ளே பூ ஸஹ்ல் வசைபாடினார். புதிய வஸீர் மைமந்தி அவரைக் கண்டித்தார். மரண தண்டனைக்குக் காரணம் வேண்டுமே? பாக்தாதிலிருந்து கலீஃபாவின் கடிதத்தோடு வந்த தூதர்கள் போல இரண்டு பேருக்கு வேடம் போட்டு நிறுத்தினார்கள். தூக்குமரத்தடியில் கல்லெறியச் சொன்னபோது ஒருவரும் எறியவில்லை, எல்லோரும் அழுதார்கள். கூலி கொடுத்துச் சில போக்கிரிகளை எறிய வைத்தார்கள். அன்று முஷ்கான் சாப்பிடவே இல்லை என்பதையும் பைஹகி குறித்து வைத்திருக்கிறார். உடல் ஏழு ஆண்டு தூக்குமரத்திலேயே கிடந்தது.

இதை அவர் எழுதியது 65 வயதில். அப்போது கஜினியில் ஆண்டுகொண்டிருந்தவர் ஃபர்ருக்ஸாத். அதே மஸ்ஊதின் மகன். தந்தையின் அரசு வேடதாரித் தூதர்களை நிறுத்தியது என்று மகன் ஆளும் ஊரில் உட்கார்ந்து எழுதுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அதைவிட என்னைத் தொடுவது பூ ஸஹ்லைப் பற்றி அவர் எழுதும் விதம். முஷ்கான் இறந்தபின் அதே பூ ஸஹ்ல்தான் பைஹகிக்கு மேலதிகாரியாக வந்தார். பைஹகி அவரால் துன்பமும் பட்டார். பழி தீர்த்துக்கொள்ள ஹசனக்கின் கதையைவிட நல்ல இடம் கிடைக்காது. பைஹகியோ, அவர் இறந்துபோய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன, எனக்கு அவரோடு கணக்கு ஏதுமில்லை என்ற பொருள்பட ஆரம்பிக்கிறார். பூ ஸஹ்லின் கல்வியையும் குடிப்பெருமையையும் முதலில் ஒப்புக்கொள்கிறார். அதன் பிறகே அவருடைய இயல்பில் ஊறியிருந்த தீமையைச் சொல்கிறார். ஹசனக்கையும் பிழையற்றவராகக் காட்டவில்லை. ஆட்சியில் இருந்தபோது எல்லை மீறி நடந்தார் என்கிறார். எழுதுகிற நாங்கள் பாடமாக வைத்துக் கற்க வேண்டிய பக்கங்கள் இவை.

இன்னொரு நிகழ்ச்சியையும் இந்திய வாசகர்கள் அறிய வேண்டும். 1036-இல் ஹெல்மந்த் ஆற்றில் படகு மூழ்கி, மயிரிழையில் உயிர் தப்பிய மஸ்ஊத் காய்ச்சலில் விழுந்தார். தேறி வந்ததும் தானம் செய்ய நினைத்தார். புஸ்த் நகரத்து காஜியும் (நீதிபதி) அவர் மகனும் வறுமையில் இருப்பதைக் கேள்விப்பட்டு, ஆளுக்கு ஆயிரம் மிஸ்கால் (அக்கால எடை அளவு) பொன் கொடுத்தனுப்பினார். இந்தியாவில் உடைத்த பொற்சிலைகளிலிருந்து வந்த பொன் அது. இதைவிடத் தூய செல்வம் இல்லை என்பது அரசரின் எண்ணம். காஜி தொடவில்லை. அந்தப் போர்களில் நான் உடன் இருந்ததில்லை, அவை முறைப்படி நடந்தனவா என்று அறியேன், கணக்குச் சொல்லும் நாளோ அருகில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார். மகனும் மறுத்தார். அரசருக்கும் முஷ்கானுக்கும் இடையே செய்தி கொண்டுபோய் வந்தவர் பைஹகி. அந்த இஸ்லாமிய சமூகத்தின் உள்ளேயே, ஓர் ஏழை நீதிபதியின் வாயிலிருந்து வந்த கேள்வி இது. மஹ்மூதைப் பற்றி இத்தனை சண்டை போடும் நாம் இதை எப்போதாவது எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

1040-இல் தந்தானகான் போரில் செல்ஜுக் துருக்கியரிடம் மஸ்ஊத் தோற்றார். குராசான் கைவிட்டுப் போனது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அவரும் கொல்லப்பட்டார். பைஹகி 1077 வரை வாழ்ந்தார்.

அவர் நூல் முதன்முதலில் அச்சேறியது நம் நாட்டில், 1862-இல், கல்கத்தாவில். ஆற்காட்டு நவாபுகளின் அலுவல் மொழியாகப் பாரசீகம் இருந்த மண் நம்முடையது. சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இன்றும் பாரசீகச் சுவடிகள் இருக்கின்றன. பாரசீகம் படித்த வாசகர் யாராவது இருந்தால் தயவுசெய்து எங்களுக்கு எழுதுங்கள். ஆங்கில வழியாக அல்லாமல் மூலத்திலிருந்தே பைஹகியின் சில அத்தியாயங்களைத் தமிழில் தர விரும்புகிறோம். புஸ்த் காஜியின் கதையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்பது என் எண்ணம்.

அன்புடன்,
ஆசிரியர்