இரண்டு ஆறுகளுக்கு நடுவே கார் வைத்திருப்பவர்களுக்கு

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிறது ஸ்ரீரங்கம். தென்கரையில் திருச்சி நகரைக் கோரையாறும் குடமுருட்டியும் உய்யக்கொண்டான் வாய்க்காலும் சுற்றி வளைத்திருக்கின்றன. 2005 நவம்பர் வெள்ளம் இங்கே வீடுகளுக்குள்ளேயே புகுந்தது. இப்படிப்பட்ட ஊரில், போலீஸ் சோதனைக்குக் காட்ட ஒரு தாள் இருந்தால் போதும் என்று குறைந்த பிரீமியத்தைத் தேடிக் கார் காப்பீடு எடுப்பது தவறு. எந்தச் சேதத்துக்குப் பணம் வரும், எதற்கு வராது என்று தெரிந்துகொண்டுதான் எடுக்க வேண்டும்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்குவது தேர்ட் பார்ட்டி காப்பீட்டைத்தான். நம் கார் மோதி அடுத்தவர் இறந்தாலோ காயமடைந்தாலோ தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டை அது ஏற்கும். அதற்கு உச்சவரம்பு இல்லை. அடுத்தவர் பொருளுக்கு 7.5 லட்சம் ரூபாய் வரை தரும். நம் காருக்கு ஒரு பைசா வராது. விபத்து, தீ, திருட்டு, வெள்ளம் ஆகியவற்றால் நம் காருக்கு நேரும் இழப்பை ஈடுகட்ட சொந்தச் சேதக் காப்பீடும் வேண்டும். இரண்டும் சேர்ந்ததைத்தான் ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்கிறோம்.

அதிலும் ஓர் ஓட்டை உண்டு. தேங்கிய நீரில் நிற்கும் காரை ஸ்டார்ட் செய்தால், காற்று போகும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போகும். காற்றைப்போலத் தண்ணீர் அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இதை வெள்ளத்தின் நேரடிச் சேதமாகக் கருதாமல் நிறுவனங்கள் பொதுவாக மறுத்துவிடுகின்றன. கூடுதல் பிரீமியம் கட்டி எடுக்கும் ‘என்ஜின் புரொடெக்ட்’ இதற்காகவே இருக்கிறது. அதன் நிபந்தனைகளையும் படித்துவிட வேண்டும்.

பழைய காருக்கு இவ்வளவு செலவா என்று கேட்பதில் நியாயம் உண்டு. நான்கு ஆண்டுகளைத் தாண்டிய காரின் காப்பீட்டு மதிப்பில் பாதி கழிந்துவிடுகிறது. போனால் தாங்கிக்கொள்ளக்கூடிய மதிப்பென்றால் தேர்ட் பார்ட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால், “எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வந்ததே இல்லை” என்ற வாதம் நிற்காது. கார் நம் தெருவிலேயே நிற்பதில்லை. 2015 வெள்ளத்துக்கு முன் சென்னையிலும் பலர் அப்படித்தான் நம்பியிருந்தார்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்குள் உங்கள் பாலிசியை எடுத்து, சொந்தச் சேதம் இருக்கிறதா, என்ஜினுக்குத் தனிப் பாதுகாப்பு இருக்கிறதா, முடியும் தேதி எது என்று பாருங்கள். தண்ணீரில் கார் நின்றுவிட்டால் சாவியைத் திருப்பாதீர்கள். முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.