கேரவன் வாங்க முதல் ஒருக்கா தலவிலைக்குப் போங்கோ

‘கேரவன்’ என்றால் தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது ஷூட்டிங் இடத்தில் ஹீரோ ஏறி இருக்கிற ஏசி வண்டிதான். இப்ப கதை மாறிவிட்டது. யூடியூப்பைத் திறந்தால் வானுக்குள் கட்டில், வானுக்குள் குசினி, பின்கதவைத் திறந்தால் கடல். பார்க்கிற எவருக்கும் ஆசை வரும், எங்களுக்கும் வந்தது. ஓகஸ்ட் மாதத்தில் புத்தளம் மாவட்டக் கரையோரம் முழுக்கத் திருவிழா. முன்னேஸ்வரத்தில் ஒன்று, உடப்பில் திரௌபதை அம்மன் தீமிதிப்பு, தலவிலயில் புனித அன்னம்மாள் பெருநாள். இதையெல்லாம் ஒரே ஓட்டமாகப் பார்க்க, பதிவு செய்ய, ‘பத்துப் பேர் சேர்ந்து ஒரு வான் எடுத்து, உள்ளுக்குக் கட்டில் போட்டா என்ன?’ என்று எங்கள் குழுவில் பேச்சுத் தொடங்கியது. ஆளாளுக்கு விலை விசாரித்தோம், ஒப்பிட்டோம், சண்டையும் பிடித்தோம்.

வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எங்களைப் போல இருபதுகளில் இருக்கிற ஆக்கள், முதல் உழைப்புக் காசை ஒரு ‘ஓடுகிற வீட்டில்’ போடக்கூடாது. காசு இல்லை என்பது மட்டும் காரணமில்லை. அந்த வீட்டை நிற்பாட்ட இடமில்லாத நாட்டில், வண்டியை விட முக்கியமான கேள்விகள் வேற இருக்கு. அது விளங்க வேண்டுமென்றால் தலவிலைக்குப் போய்ப் பார்க்க வேணும்.

வண்டி வர முதலே இருந்த முகாம்

பாலாவிச் சந்தியில் கற்பிட்டி றோட்டுக்குத் திரும்பி, நுரைச்சோலை தாண்டிப் போனால் தலவில. 1843இல் கட்டி முடிக்கப்பட்ட ஆலயம், முன்னால் கடல், சுற்றிவர மர நிழல். மார்ச்சிலும் ஓகஸ்டிலும் பெருநாள். இந்தத் திருத்தலத்தின் கதையே வழியில் படுத்துறங்கிய ஒரு பயணியிடமிருந்துதான் தொடங்குகிறது: வடக்கிலிருந்து கொழும்புக்கு நடந்து வந்த ஒரு போர்த்துக்கேயர் களைத்துப்போய் இங்கே ஒரு மரத்தடியில் தூங்கினார், கனவு கண்டார் என்பது மரபு.

அந்த மரத்தடித் தூக்கத்தை இன்றைக்கும் சனம் விடவில்லை. பெருநாளுக்கு வாற குடும்பங்கள் ஒரு நாளில் கும்பிட்டுவிட்டுத் திரும்புவதில்லை, நாட்கணக்கில் தங்கும். லொறியின் பின்பக்கத்தில் பாய், தலையணை, சட்டி பானை, அரிசி மூட்டை, ஆச்சி, பேரப்பிள்ளை எல்லாம் ஏறும். வந்து இறங்கியதும் லொறிப் பக்கத்திலிருந்து மரத்துக்கு ஒரு தறப்பாள் கட்டினால் வீடு ரெடி. மூன்று கல் வைத்தால் அடுப்பு. பக்கத்து தறப்பாளில் சிங்களக் குடும்பம், இந்தப் பக்கம் தமிழ்க் குடும்பம். உப்பு இல்லையென்றால் கேட்டு வாங்கலாம். மடுத் திருவிழாவுக்குப் போனவர்களுக்கும் இந்தக் காட்சி பழக்கம். அதற்கு முதல் தலைமுறை கூடார வண்டிலில் இதையே செய்தது.

ஆக, வாகனத்தோடு போய்த் தங்குவது எங்களுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த புதினம் இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. எங்கட ஆக்கள் வாகனத்தைத் தங்கும் வீடாகக் கட்டவில்லை. மற்ற நாளில் தேங்காயும் மீனும் ஏத்துகிற லொறி, பெருநாளுக்கு மட்டும் வீடாகும். இது கஞ்சத்தனம் இல்லை, கெட்டித்தனம்.

ரெடிமேட் வண்டி

முதலில், கட்டிலும் கழிவறையும் பூட்டியே வாற மோட்டர்ஹோம். இதை விவாதத்தின் முதல் பத்து நிமிடத்திலேயே தள்ளிவிட்டோம். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை அரசு தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் திறந்தது. திறந்தாலும் சுங்க வரி, எஞ்சினின் கொள்ளளவைப் பார்த்துப் போடுகிற உற்பத்தி வரி, அதற்கு மேல் 18 வீத வற். வண்டியின் விலையை விட வரியைப் பார்த்துத்தான் மயக்கம் வரும்.

சரி, யாரோ பணக்கார மாமா வாங்கித் தாறார் என்றே வைப்போம். எங்கே நிற்பாட்டுவது? அந்த வண்டிகள் செய்யப்படும் நாடுகளில் முகாம் திடல் என்று ஒன்று இருக்கும். அங்கே தண்ணீர்க் குழாய் இருக்கும், மின்சாரம் செருகலாம், கழிவுத் தொட்டியை வெறுமையாக்க இடமிருக்கும். இங்கே தொட்டி நிறைந்தால் என்ன செய்வீர்கள்? பற்றைக்குள் திறந்து விடுவதா, களப்பிலா? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் அந்த வண்டியை வாங்குவது, கழிவை அடுத்தவன் ஊரில் கொட்ட முடிவெடுப்பதுதான்.

பழைய வானை மாத்திக் கட்டுறது

இதுதான் எங்களை அதிகம் இழுத்தது. பழைய டொல்பின், இல்லாட்டி கே.டி.எச். சீற்றைக் கழட்டி, பலகைக் கட்டில் அடித்து, தண்ணிக் கான் வைத்து, இரண்டாவது பற்றரி பூட்டினால் முடிந்தது என்றுதான் வீடியோக்கள் சொல்லும். உண்மையில் பார்க்க வேண்டியது நிறைய.

கடற்கரைப் பக்கம் ஓடிய வான் என்றால் தரை விரிப்பைத் தூக்கிப் பார்க்க வேணும், உப்புக்காற்று தின்ற கறள் அங்கேதான் ஒளிந்திருக்கும். செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு பொருந்துதா, புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் கிடக்கா, வருமான அனுமதிப்பத்திரம் எப்போது முடியுது, புகைப் பரிசோதனையில் தேறுமா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேணும். பிறகு, வாகனத்தின் அமைப்பை விரும்பியபடி மாற்ற முடியாது, மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேணும். அதை எடுக்காமல் மாற்றினால் வழியில் மறிக்கிற பொலிஸ் ஒரு பிரச்சினை, விபத்து நடந்த பிறகு காப்புறுதிக் கம்பனி கேட்கிற கேள்வி அதைவிடப் பெரிய பிரச்சினை. உள்ளே காஸ் சிலிண்டர் வைப்பதென்றால் 2021 கடைசியில் நாடு முழுக்க காஸ் அடுப்பு வெடித்த செய்திகளை ஒருதரம் நினைத்துக்கொள்ளுங்கோ. அதை ஆறடி அகலப் பெட்டிக்குள் கற்பனை செய்து பாருங்கோ.

அடுத்தது வெக்கை. தகரக் கூரை வெயிலில் நின்றால் உள்ளே அடுப்புத்தான். ‘ஏசி போடுவம்’ என்றான் ஒருத்தன். கணக்குப் பார்த்தோம். 600 வாற் இழுக்கிற சின்ன ஏசி இரவில் 8 மணித்தியாலம் ஓடினால் 4.8 யூனிற் மின்சாரம். 12 வோல்ற், 100 அம்பியர்-அவர் பற்றரி ஒன்றில் இருப்பது 1.2 யூனிற். சாதாரண ஈயப் பற்றரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும், ஆக எடுக்கக்கூடியது 0.6. அப்படியென்றால் ஓர் இரவுத் தூக்கத்துக்கு எட்டுப் பற்றரி! படுக்கிற இடம் முழுக்க பற்றரியை வைத்துவிட்டு நாங்கள் வெளியில் படுக்கலாம். ஓகஸ்டில் தலவிலக் கடலிலிருந்து அடிக்கிற தென்மேல் காற்று காசு கேட்காது. பக்கத்தில் கற்பிட்டிக்கு வெளிநாட்டிலிருந்து பட்டம் பூட்டிக் கடலில் சறுக்க வருகிறார்களே, அந்தக் காற்றுத்தான். தறப்பாளுக்குக் கீழே அது நல்லாய் வரும், வானுக்குள் வராது.

இன்னொன்று, இந்த வான்களில் பெரும்பாலானவற்றுக்கு இழுவை பின்சில்லில். கடற்கரை மணலில் இறக்கினால் தள்ளுவதற்கு ஊர்ச் சனத்தைத்தான் கூப்பிட வேணும்.

காசுக் கணக்கு

விலை வாரத்துக்கு வாரம் மாறும், அதனால் ஓர் உதாரணக் கணக்கு. மாற்றிக் கட்டிய செலவோடு வான் 60 லட்சம் என்று வைப்போம். 24 லட்சம் கையிலிருந்து, 36 லட்சம் லீசிங். வருட வட்டி 14 வீதம், ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 83,800 ரூபா. ஐந்து வருட முடிவில் வட்டி மட்டும் 14 லட்சத்துக்கு மேல். மொத்தம் 74 லட்சம். பிறகு அதை 50 லட்சத்துக்கு விற்றோம் என்றாலும் 24 லட்சம் போய்விட்டது. வருடத்துக்கு 20 இரவு பாவித்தால் ஐந்து வருடத்தில் 100 இரவு. ஓர் இரவுக்கு 24,000 ரூபா! இதில் டீசல், காப்புறுதி, சேர்விஸ், ரயர் ஒன்றும் சேரவில்லை.

‘வாகனம் வாங்கினா நட்டம் வராது மச்சான், வச்சிருக்க வச்சிருக்க விலை ஏறும்’ என்பார்கள். இறக்குமதி நின்ற ஐந்து வருடத்தில் அது உண்மைதான். ஆனால் அது வாகனத்தின் குணமில்லை, கதவு பூட்டிக் கிடந்ததால் வந்த விலை. கதவு திறந்த பிறகும் அதை நம்பி கடன் எடுக்கக்கூடாது. 2022 ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கும் டீசல் 460 ரூபாவுக்கும் போனது எங்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. பிறகு கியூஆர் காட்டி வாரத்துக்கு அளந்து அடித்தோம். அந்த மாதங்களில் வாசலில் நின்ற வண்டிகளுக்கும் தவணை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அப்ப எதில போறது?

எங்கள் ஒப்பீட்டில் வென்றது பழைய வழிதான்: ஹயர் வான், இரண்டு கூடாரம், ஒரு தறப்பாள். கிலோமீற்றருக்கு இவ்வளவு, சாரதியின் இரவுத் தங்கலுக்கு இவ்வளவு என்று முதலே பேசி எழுதிக்கொண்டால் பிறகு முகம் சுளிக்கத் தேவையில்லை. சாரதிக்குச் சாப்பாடும் படுக்க ஒழுங்கான இடமும் எங்கள் பொறுப்பு, அவர் நித்திரை கொள்ளாவிட்டால் திரும்பி வருவது எங்கள் உயிர். செலவைப் பத்தால் பிரித்தால் தாங்கலாம். அதுவும் முடியாதவர்களுக்கு பஸ் இருக்கு, கூடாரம் ஒரு தோள்பையில் அடங்கும்.

எங்கள் தோழிகள் இங்கே ஒரு விசயத்தைப் பிடித்தார்கள். ‘வான் வேணும்’ என்று அவர்கள் சொன்னதற்குக் காரணம் ஊர்சுற்றும் ஆசை மட்டுமில்லை. பூட்டக்கூடிய ஒரு கதவும் இரவில் போகக்கூடிய ஒரு கழிவறையும் வேணும். ஆண்களுக்குக் கூடாரம் போதும் என்று சொல்வது லேசு. உண்மையில் அவர்கள் கேட்டதை 60 லட்சம் ரூபா வானை விட, வெளிச்சமும் தண்ணீரும் பூட்டும் உள்ள பத்துக் கழிவறை நல்லாகத் தரும். அதுவும் எல்லாருக்கும் தரும்.

எங்கள் வாதத்தின் மையம் இதுதான். கேரளா 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கு ஒரு கொள்கை கொண்டுவந்தபோது வண்டியை மட்டும் பேசவில்லை, வண்டி நிற்கிற கேரவன் பார்க்குகளையும் சேர்த்தே பேசியது. அங்கே அது எவ்வளவு தூரம் சரிவந்தது என்பது வேற விவாதம், ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்டார்கள். இங்கே நாங்கள் வண்டியின் விலையை மட்டும் கேட்கிறோம்.

நிற்பாட்டுகிற மண் யாருடையது?

அழகான வெறும் கடற்கரை என்று நாங்கள் படம் பிடிக்கிற இடம் ஒருவருக்கு வேலைத்தலம். அங்கே கரைவலை இழுப்பார்கள், கருவாடு காயும், பருவத்துக்கு வந்து வாடி போட்டிருப்பார்கள். அதன் நடுவில் வானைக் குறுக்கே விட்டு நாற்காலி விரிப்பது ஒருத்தரின் கந்தோருக்குள் போய் படுப்பது போல.

இன்னும் கனமான ஒன்றும் இந்த றோட்டில் இருக்கு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து விரட்டிய முஸ்லிம் மக்களில் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது புத்தளத்துக்கும் இந்தக் கற்பிட்டிப் பக்கத்துக்கும்தான். ஓலைக் கொட்டிலில், முகாமில் வருடக்கணக்காக வாழ்ந்தார்கள். பெருநாளுக்கு நாங்கள் ஆசையாக நாலு நாள் இருக்கிற கொட்டிலில், அவர்களின் பிள்ளைகள் பிறந்து வளர்ந்தார்கள். 2020இல் வந்த ‘நோமட்லான்ட்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அமெரிக்காவிலும் வானுக்குள் வாழ்கிற எல்லாரும் சுற்றுலாக்காரர் இல்லை, வீட்டை இழந்தவர்களும் அதற்குள்தான் இருக்கிறார்கள். வீடில்லாமல் இருப்பது சிலருக்குத் தெரிவு, பலருக்குத் தண்டனை. இதைத் தெரிந்துகொண்டு பயணம் போனால் நாங்கள் போடுகிற ‘சுதந்திரம்’ என்ற கப்ஷனில் கொஞ்சம் அடக்கம் வரும்.

போக வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நல்லாய்ப் போங்கோ, முன்னேஸ்வரத்துக்கும் உடப்புக்கும் தலவிலைக்கும் ஒரே கிழமையில் போங்கோ. ஆனால் வாங்க முதல் இந்த நாலையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கோ: வருடத்தில் உண்மையில் எத்தனை இரவு பாவிப்பேன்? எங்கே நிற்பாட்டுவேன்? தண்ணியும் கழிவறையும் யாருடையது? மற்ற 345 நாளும் இந்த வண்டி என்ன செய்யும்? தேங்காய் ஏத்துகிற லொறிக்காரரிடம் நாலாவது கேள்விக்குப் பதில் இருக்கு. எங்களிடம் இல்லை.

அதனால் எங்கள் பத்துப் பேரின் காசு இப்போதைக்குக் கூடாரத்துக்கும் தறப்பாளுக்கும் மட்டும். சத்தம் போட வேண்டியது வேற இடத்தில்: உள்ளூராட்சி சபைகளும் சுற்றுலா அதிகாரிகளும் இந்தக் கரையோரத்தில், ஊர்ச் சனத்தோடு பேசி, மீன்பிடிக்கு இடைஞ்சல் இல்லாமல், நிழலும் தண்ணியும் வெளிச்சமும் கழிவறையும் உள்ள நாலு பொதுத் திடல் தரட்டும். கட்டணம் ஒரு மாணவன் கட்டக்கூடியதாக இருக்கட்டும். அது வந்தால் வானில் வாறவனும் வரலாம், பஸ்ஸில் வாறவளும் வரலாம்.