நடவு வயல் வெயிலும் வயிற்றில் இருக்கும் குழந்தையும்: 800 தமிழகக் கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வு சொல்வது என்ன?

சுவாமிமலையைச் சுற்றியுள்ள கிராமங்களில் குறுவை தொடங்கிவிட்டால், காலை ஆறு மணிக்கே பெண்கள் வயலில் இறங்கிவிடுவார்கள். நாற்று பறிப்பது, முடிச்சுகளைத் தூக்கிப்போவது, முழங்கால் சேற்றில் குனிந்து நடுவது என்று வேலை மதியம் தாண்டியும் நீளும். அந்த நடவு வரிசையில் சில நேரம் ஐந்து மாதம், ஆறு மாதக் கர்ப்பிணியும் நிற்பார்.

"எங்க அம்மா நாத்து நட்டுட்டு வந்துதான் என்னைப் பெத்தாங்க. எனக்கு என்ன ஆச்சு?" டெல்டாவில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. அப்படியென்றால் வெயிலில் வேலை பார்ப்பதால் கர்ப்பிணிக்கு உண்மையிலேயே ஆபத்து இருக்கிறதா? தமிழ்நாட்டிலேயே நடந்த ஒரு ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. விரிவாகப் பார்க்கலாம்.

ஆய்வில் என்ன தெரிந்தது?

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் பொது சுகாதாரத் துறை, பேராசிரியர் வித்யா வேணுகோபால் தலைமையில் 2017-ல் இந்த ஆய்வைத் தொடங்கியது. தமிழ்நாட்டைச் சேர்ந்த 800 கர்ப்பிணிகள் இதில் பங்கேற்றனர். விவசாயம், செங்கல் சூளை, உப்பளம் போன்ற இடங்களில் வேலை பார்த்தவர்களும் உண்டு. பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களில் வேலை பார்த்தவர்களும் உண்டு. முடிவுகள் 2024-ல் பிரிட்டனின் மகப்பேறு மருத்துவ இதழான பி.ஜே.ஓ.ஜி.-யில் வெளியாகின.

இவர்களில் 47% பேர், வேலை செய்யும் இடத்தில் அதிக வெப்பத்தைச் சந்தித்தவர்கள். அந்தப் பெண்களில் 5% பேருக்குக் கருச்சிதைவு ஏற்பட்டது. வெப்பம் குறைவான இடத்தில் வேலை செய்தவர்களிடம் இது 2%. குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகியவையும் வெப்பத்தில் வேலை செய்தவர்களிடம் கூடுதலாக இருந்தன. சுருக்கமாகச் சொன்னால், ஆபத்து சுமார் இரண்டு மடங்கு.

இந்த எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது?

'இரண்டு மடங்கு' என்று கேட்டதும் பயந்துவிட வேண்டாம். வெயிலில் வேலை செய்த நூறு பேரில் 95 பேருக்குக் கருச்சிதைவு ஏற்படவில்லை என்பதும் இதே ஆய்வு சொல்லும் தகவல்தான்.

தலைகளை எண்ணிப் பார்த்தால், ஒரு பக்கம் சுமார் 19 பெண்கள், மறுபக்கம் சுமார் 8 பெண்கள். சிறிய எண்ணிக்கை என்பதால், 'சரியாக இத்தனை மடங்கு' என்று அடித்துச் சொல்ல முடியாது. தவிர, வயலில் வேலை செய்பவர்களுக்கும் பள்ளியில் வேலை செய்பவர்களுக்கும் வருமானம், சாப்பாடு, உடல் உழைப்பு எல்லாமே வேறு. இவற்றில் பலவற்றை ஆய்வாளர்கள் கணக்கில் எடுத்துக் கழித்துப் பார்த்தாலும், முழுதாகப் பிரித்துவிட முடியாது.

ஆனால் இது ஒற்றை ஆய்வு இல்லை. 27 நாடுகளில் நடந்த 70 ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் பி.எம்.ஜே. இதழில் வந்த கட்டுரை, வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் குறைமாதப் பிரசவ வாய்ப்பு சுமார் 5% கூடுவதாகவும், வெப்ப அலை நாட்களில் 16% கூடுவதாகவும் சொன்னது. மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் வயலில் வேலை செய்த 92 கர்ப்பிணிகளை நேரடியாகக் கண்காணித்த ஆய்வு 2022-ல் வெளியானது. தாய் சந்திக்கும் வெப்ப அழுத்தம் ஒரு டிகிரி கூடினால், கருவில் உள்ள குழந்தை திணறுவதற்கான அறிகுறிகள் 17% கூடின. இடம் வேறு, முறை வேறு. ஆனால் எல்லா ஆய்வும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

கர்ப்ப காலத்தில் உடலில் ஓடும் ரத்தத்தின் அளவு சுமார் 45% வரை கூடுகிறது. இதயம் ஏற்கெனவே கூடுதலாக உழைக்கிறது. குழந்தையின் உடல் வெப்பத்தையும் தாயின் உடல்தான் வெளியேற்ற வேண்டும்.

வெயிலில் நின்றால், சூட்டைத் தணிக்க உடல் ரத்தத்தைத் தோல் பக்கம் திருப்பிவிடும். அப்போது நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறையலாம். வியர்வையில் நீர் போனால் ரத்த ஓட்டம் இன்னும் குறையும். உடலில் நீர் வற்றுவது, நாள் வருவதற்கு முன்பே வலி கிளம்பவும் காரணமாகலாம்.

வயலில் இன்னொரு சிக்கலும் உண்டு. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்வரை சிறுநீர் கழிக்க மறைவிடம் இல்லை. அதனால் பல பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். தாகத்தையும் சிறுநீரையும் சேர்த்து அடக்கினால் சிறுநீர்த் தொற்று வரலாம். கர்ப்ப காலத்தில் அந்தத் தொற்று குறைமாதப் பிரசவத்தில் கொண்டுபோய் விடலாம்.

டெல்டாவில் 40 டிகிரி எட்டுவதே அபூர்வமாச்சே?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். சமவெளியில் வெப்பநிலை 40 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருந்தால்தான் பொதுவாக இந்திய வானிலை ஆய்வு மையம் 'வெப்ப அலை' என்று அறிவிக்கும். தஞ்சாவூர் பக்கம் 37, 38 டிகிரி இருக்கும் நாளில் டிவியில் வெப்ப அலை எச்சரிக்கை பெரும்பாலும் ஓடாது.

ஆனால் வயலில் நிற்கும் உடலுக்குத் தெரிவது தெர்மாமீட்டர் எண் மட்டுமல்ல. தேங்கிய தண்ணீரிலிருந்து எழும் ஈரப்பதம், மேலே நேரடி வெயில், கீழே சூடான சேறு, ஒதுங்க நிழல் இல்லை. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் வியர்வை காயாது. வியர்வை காயாவிட்டால் உடல் குளிராது.

அதனால்தான் இதுபோன்ற ஆய்வுகளில் வெறும் வெப்பநிலைக்குப் பதிலாக 'வெட் பல்ப் குளோப்' என்ற அளவை எடுக்கிறார்கள். இந்தக் கணக்கில் 70% எடை ஈரப்பதம் சார்ந்த அளவுக்கு, 20% வெயிலின் நேரடிச் சூட்டுக்கு, சாதாரண வெப்பநிலைக்கு வெறும் 10%. இந்த அளவில் கடின வேலைக்கு 27.5 டிகிரி, மிதமான வேலைக்கு 28 டிகிரி ஆகியவற்றைத் தாண்டினாலே அதிக வெப்பம் என்று சென்னை ஆய்வு எடுத்துக்கொண்டது. ஈரம் மிகுந்த டெல்டா கோடையில் இந்த எல்லையைத் தாண்ட 40 டிகிரி வெயில் தேவையே இல்லை.

மேட்டூர் அணை குறுவைக்குத் திறக்கப்படும் வழக்கமான நாள் ஜூன் 12. ஆனால் ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்கள் அதற்குக் காத்திருக்காமல் முன்கூட்டியே நடவை முடித்துவிடுகிறார்கள். அதாவது கத்திரி வெயில் காயும் மே மாதத்திலேயே நடவு ஆட்கள் வயலில் நிற்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாடுதான் மகப்பேறில் முன்னணி மாநிலமாச்சே?

உண்மைதான். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி (2019-21), தமிழ்நாட்டில் 99.6% பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. 2018-20 கணக்கில் ஒரு லட்சம் பிரசவத்துக்குத் தாய் மரணம் 54. இந்திய சராசரி 97. 2020-ல் 1,000 குழந்தைகளுக்கு சிசு மரணம் 13. இந்திய சராசரி 28.

24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்கள், கிராம சுகாதார செவிலியர்கள், 108 ஆம்புலன்ஸ் என்று பல வருட உழைப்பு இதன் பின்னால் இருக்கிறது. சுவாமிமலையில் ஒருவருக்கு வலி வந்தால் கும்பகோணம் அரசு மருத்துவமனை பக்கத்தில்தான். நிலைமை சிக்கலானால் தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனை இருக்கிறது.

ஆனால் இவை எல்லாம் பெரும்பாலும் பிரசவ நேரத்தைக் காப்பாற்றும் ஏற்பாடுகள். அதற்கு முந்தைய ஒன்பது மாதங்கள் வயலில் எப்படிப் போகின்றன என்பது இந்தக் கணக்குகளில் தெரியாது. அதே ஐந்தாவது சுற்றில், தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3% பேருக்கு ரத்தசோகை இருந்தது. ரத்தசோகையுடன் வெயிலில் குனிந்து வேலை செய்யும் பெண்ணுக்கு இரண்டு சுமையும் சேர்ந்தே வருகிறது.

அம்மா நாற்று நட்டுவிட்டுப் பெற்ற கதைக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. 1971-ல் இந்தியாவில் பிறந்த 1,000 குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. பிழைத்தவர்கள்தான் இன்று கதை சொல்கிறார்கள். தங்காத பிள்ளைகளைப் பற்றி வீடுகளில் அதிகம் பேசுவதில்லை.

"வேலைக்குப் போகாதே" என்று சொன்னால் போதுமா?

போதாது. ஏனென்றால் கேள்வி கூலி.

மகப்பேறு நலச் சட்டம் 2017-ல் திருத்தப்பட்டு 26 வார சம்பளத்துடன் விடுப்பு வந்தது. அது பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான். தமிழக அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு. நடவு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு நாள்கூட சம்பள விடுப்பு கிடையாது. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி குழுவாக நடும்போது, ஒருவர் வரவில்லை என்றால் அடுத்த முறை கூப்பிடுவார்களா என்ற பயமும் சேர்ந்துகொள்ளும்.

அரசு தருவது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவி. மொத்தம் ரூ.18,000, இதில் பணமாக ரூ.14,000, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். 2025-26-ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த தினக்கூலி ரூ.336. அந்தக் கணக்கில் ரூ.14,000 என்பது சுமார் 42 நாள் கூலி. நிறுவன ஊழியருக்கு 182 நாள். இவருக்கு 42 நாள். அதிலும் ஒரு பகுதி குழந்தை பிறந்த பிறகுதான் கைக்கு வரும். வயிறு கனத்து, வெயில் தாங்க முடியாத மாதங்களில் வேலையை நிறுத்த இந்தப் பணம் போதாது.

நடவு இயந்திரம் வந்தால் தீருமா? குனியும் வேலை குறையும். ஆனால் அந்தப் பெண்களின் வருமானமும் சேர்ந்தே குறையும். ஆக, இயந்திரத்தை மட்டும் தீர்வாகச் சொல்ல முடியாது.

அரசு என்ன செய்யலாம்?

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறப்பவர்களின் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணம் உண்டு. இது இறப்புக்குப் பிறகு கிடைக்கும் உதவி. கலைந்த கருவும், எடை குறைந்து பிறந்த குழந்தையும் இந்தக் கணக்கில் வருவதில்லை.

செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு டெல்டாவுக்குத் தனி எச்சரிக்கை தரலாம். பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணியிடம் "என்ன வேலை பார்க்கறீங்க, எத்தனை மணி நேரம் வெயில்ல நிக்கறீங்க?" என்று கேட்டு, பிக்மி பதிவில் சேர்க்கலாம். நிதி உதவியில் ஒரு தவணையை கோடையில் வரும் கடைசி மாதங்களுக்கு மாற்றலாம். வரப்போரம் ஒரு நிழல் பந்தல், குடிதண்ணீர், மறைவிடம் ஆகியவற்றை ஊராட்சியே செய்துவிட முடியும்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கவனிக்க வேண்டியவை

* வேலையை விட முடியாவிட்டாலும் நேரத்தை மாற்றப் பாருங்கள். காலை 11 முதல் மாலை 4 வரை வெயிலைத் தவிர்ப்பது நல்லது.
* தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அடிக்கடி தண்ணீர், உப்பு போட்ட நீர்மோர் குடிக்க வேண்டும். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் உப்பு பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.
* இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியுடன் சேர்த்துப் போடக்கூடாது. சத்து உடலில் சரியாகச் சேராது.
* நாற்று முடிச்சு போன்ற கனமான சுமை தூக்கும் வேலையை மற்றவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.
* தலைசுற்றல், ரத்தப்போக்கு, நீர் கசிவு, காய்ச்சல், கடுமையான தலைவலி, பார்வை மங்கல், குழந்தையின் அசைவு குறைவு: இதில் எது இருந்தாலும் 'சாயங்காலம் பாத்துக்கலாம்' என்று விடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். சந்தேகம் கேட்க 104.

கடைசியாக ஒன்று. கரு கலைந்துவிட்டால் "நீ ஏன் வெயில்ல போனே?" என்று அந்தப் பெண்ணைக் கேட்பது நம் வீடுகளில் வழக்கம். அவர் வெயிலுக்கு ஆசைப்பட்டுப் போகவில்லை, அன்றைய கூலிக்குப் போனார். அந்த ஒரு நாள் கூலியை யார் ஈடுகட்டுவது என்பதுதான் நிலத்துக்காரர், ஊராட்சி, அரசு எல்லோரும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.