வர்கலா பாறை சரிவதற்குக் கடல் மட்டும்தான் காரணமா?

வர்கலா டிரிப் போனவர்களிடம் கேட்டால், 'கிளிஃப்ல உட்கார்ந்து சன்செட் பார்த்தோம், செம வியூ' என்பார்கள். ஆனால் உண்மையான வியூ கீழே இருக்கிறது. கடற்கரைக்கு இறங்கி, கடலுக்கு முதுகைக் காட்டி, அந்தப் பாறையைப் பாருங்கள்.

உச்சியில் துரு நிறத்தில் செம்புராங்கல். அதன் கீழே வெளிர் நிறங்களில் மணற்கல்லும் களிமண்ணும் அடுக்கடுக்காக. இடையிடையே கருத்த களிமண், அதில் லிக்னைட். நெய்வேலியில் வெட்டுகிறார்களே, அதே பழுப்பு நிலக்கரி! ஒருகாலத்தில் இங்கே மண்ணில் புதைந்த செடிகொடிகளின் மிச்சம் அது. இந்த அடுக்குகள் மயோசின், ப்ளியோசின் காலத்தவை. அதாவது, 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம். இந்த வகைப் படிவத்துக்கே வர்கலாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

சரி, பாறை ஏன் சரிகிறது?

அலை அடியை அரிக்கிறது என்பது உண்மை. ஆனால் அது பாதிக் கதைதான். மழைநீர் செம்புராங்கல்லிலும் மணற்கல்லிலும் எளிதாக இறங்கும். களிமண் அதை விடாது. வழியில்லாத தண்ணீர் பக்கவாட்டில் ஓடி, பாறை முகத்தில் ஊற்றாகக் கசியும். பக்தர்கள் புனிதமாக நினைக்கும் பாபநாசம் ஊற்றுகளின் ரகசியம் இதுதான். அதே தண்ணீர் அளவு மீறினால் மணலை அரித்துக்கொண்டு வரும். அடியில் பிடிமானம் போனதும் மேலே இருப்பது அப்படியே சரியும்.

இந்த விளிம்பில்தான் ரிசார்ட்டுகளையும் கஃபேக்களையும் வரிசையாகக் கட்டியிருக்கிறோம். கட்டடத்தின் எடை ஒரு பக்கம். மண்ணுக்குள் விடும் கழிவுநீர் இன்னொரு பக்கம். மழை இல்லாத மாதங்களிலும் பாறைக்கு ஓய்வு கிடையாது.

2024-ல், சரிவு அபாயம் என்று சொல்லி, பலிமண்டபம் அருகே பாறையின் ஒரு பகுதியை நிர்வாகமே இயந்திரம் வைத்து இடித்தது. இது தேசிய புவியியல் நினைவுச்சின்னம். 2025-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் பாறை நிற்காது. விளிம்பை ஒட்டிக் கட்டுவதை நிறுத்த வேண்டும், கழிவுநீரைக் குழாய் வழியே வெளியே கொண்டுபோக வேண்டும். பாறையை வெட்டுவதைவிட இதுதான் நிஜமான பாதுகாப்பு.

நம் பங்கும் உண்டு. அடுத்த முறை ரூம் புக் செய்யும்போது 'சீ வியூ இருக்கா?' என்பதோடு இன்னொன்றும் கேளுங்கள்: 'உங்க கழிவுநீர் எங்கே போகுது?'