முகம் அப்புறம், உள்ளுறுப்பு முதலில்

"டாக்டர், த்ரீடியில பாப்பா முகத்தைக் காட்டுங்க" என்று 12-ஆம் வாரத்திலேயே கேட்கிறார்கள். ஸ்கேன் மருத்துவராக அந்த ஆசையை நான் மதிக்கிறேன். 1980-களில் ஜப்பானின் கசுனோரி பாபா முன்னோடியாக உருவாக்கிய தொழில்நுட்பம்தான் த்ரீடி ஸ்கேன். தட்டையான பல படங்களைக் கணினி அடுக்கி ஒரே உருவமாக்குகிறது.

9-ஆம் வாரத்தில் சுமார் 2 சென்டிமீட்டர் நீளக் கருவில் குட்டிக் கைகால்கள் தெரியும். தொப்புளருகே சிறு புடைப்பும் தெரியும். பதறும் கணவர்களிடம், "அது குடல்தான், 12 வாரத்துக்குள் வயிற்றுக்குள் போய்விடும்" என்பேன்.

பின்னாளில் உதட்டுப் பிளவைப் பெற்றோருக்கு விளக்கவும் த்ரீடி உதவுகிறது. ஆனால் இதயத்தின் நான்கு அறைகளையும் மூளையையும் சிறுநீரகத்தையும் சோதிக்க இன்றும் கறுப்பு வெள்ளைப் படமே அடிப்படை. முகம் அழகாகத் தெரிந்தால் உள்ளே எல்லாம் நலம் என்று அர்த்தமில்லை. நினைவுப் படத்துக்காக மட்டும் ஸ்கேன் வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் அறிவுறுத்துகிறது.

ஆணா, பெண்ணா என்று கேட்காதீர்கள். 1994-ஆம் ஆண்டு இந்தியச் சட்டப்படி அதைச் சொல்வது குற்றம். 11 முதல் 14 வாரத்துக்குள் ஒன்று, 18 முதல் 20 வாரத்துக்குள் ஒன்று: இந்த இரண்டு ஸ்கேன்களையும் தயவுசெய்து தவறவிடாதீர்கள்.