பாலைக்குப் புறப்படுமுன்

சென்ற திங்கள் இப்பகுதியில் நீண்ட இரயில் பிரயாணத்துக்குச் சாமான் கட்டும் முறையைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த அன்பர் சிலர், "அப்படி எங்கே புறப்படுகிறீர்கள்?" என்று நம்மைச் சங்கத்தில் கண்டபோது வினவினார்கள். விடை இதோ. வருகிற பொங்கலை ஒட்டி, நம் குடும்பத்தார் பதினால்வர் ராஜஸ்தானத்துத் தார்ப் பாலைவனத்திற்குச் சென்று, ஜைசல்மேர் நகருக்கு அப்பால், விடுதியில் அன்றி வெட்டவெளியில் கூடாரம் அடித்து ஓர் இரவு தங்குவதென்று முடிவாகியிருக்கிறது. இம்முடிவுக்கு வருவதற்கு நமக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. அம்மூன்று நாட்களில் கற்றது பிறர்க்கும் பயன்படுமாதலின் இங்கே எழுதுகிறோம்.

யோசனையைத் தொடங்கி வைத்தவன் நம் தமக்கையின் மகன். கணிப்பொறித் துறையில் வேலை பார்க்கும் இளைஞன். சாலையிலிருந்து பத்துக் கிலோமீட்டர் உள்ளே நடந்து, இரண்டு இரவுகள் மணலில் தங்கவேண்டும் என்பது அவன் விருப்பம். "அப்படியானால் பாட்டி?" என்று நம் அண்ணியார் கேட்டார். பாட்டி என்றது நம் அத்தையாரை. அவருக்கு வயது எழுபத்து நான்கு. "பாட்டி ஜைசல்மேரில் விடுதியிலேயே இருக்கட்டும். துணைக்கு யாராவது ஒருவர் இருந்தால் போதும்" என்றான். அந்த 'யாராவது ஒருவர்' யார் என்பது அவையில் இருந்த பெண்களுக்கெல்லாம் உடனே விளங்கிவிட்டது. அண்ணியார் ஒன்றும் பேசாமல் எழுந்து அடுக்களைக்குச் சென்றார். அத்தையாரோ, "எனக்கெதற்கு மணலும் ஒட்டகமும்? நீங்கள் போய் வாருங்கள்" என்று சொல்லி முடித்துவிட்டார்.

நம் பழந்தமிழ் நூல்களில் பாலை என்றாலே பிரிவு. பொருள் தேடிச் சுரம் கடந்து செல்பவன் ஒருவன், வீட்டில் காத்திருப்பவள் ஒருத்தி. பிழைப்பை நாடி மொழி வேறான ஊர்களுக்குக் குடிவந்த நமக்கு அந்நிலத்தின் பொருளை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அப்படியிருக்க, பாலையைக் காண்பதற்கென்றே போகிற நாம், வீட்டில் மூத்தவரையும் அவருக்குத் துணையாக ஒரு மருமகளையும் பிரித்து வைத்துவிட்டுப் போவது சரியன்று என்று நமக்குத் தோன்றிற்று. ஆயினும் அத்தையாரை அழைத்துச் செல்வதில் அபாயம் இல்லையா? உண்டு. அதை நாம் ஒருமுறை கண்ணாரக் கண்டவர்கள்.

சென்ற ஆண்டு பங்குனியில் ஒரு பழங்கோட்டையைக் காண வண்டி அமர்த்திக்கொண்டு போயிருந்தோம். பிற்பகல் இரண்டு மணிக்கு, படிக்கட்டு ஒன்றில் அமர்ந்திருந்த அத்தையார் திடீரென்று சாய்ந்துவிட்டார். முகத்தில் நீர் தெளித்து, நிழலில் கிடத்தி, சர்க்கரையும் உப்பும் கலந்த நீரைச் சிறிது சிறிதாகப் புகட்டிய பிறகே கண் விழித்துப் பேசினார். அவர் பையைத் திறந்து பார்த்தோம். காலையில் நாம் நிரப்பிக் கொடுத்த தண்ணீர்ப் புட்டி நிரம்பியபடியே இருந்தது. காரணம் கேட்டதற்கு முதலில் மழுப்பினார். பின்னர் நம் மனைவியிடம் மட்டும், "குடித்தால் எங்கே போவது? அதனால்தான் காலையிலிருந்தே குடிக்கவில்லை" என்று கூறினாராம். கூட வந்த பெண்கள் மற்ற மூவரும் அன்று அவ்வாறே செய்தார்கள் என்பது பிற்பாடு தெரியவந்தது. அவர்களுக்கு வயது குறைவு, ஆகவே தாங்கினார்கள். அவ்வளவே வேற்றுமை.

பாலைவனத்திற்கு எவ்வளவு தண்ணீர் எடுத்துச் செல்ல வேண்டும் என்று எல்லாரும் கணக்கிடுகிறார்கள். எடுத்துச் சென்ற தண்ணீரைப் பெண்கள் குடிப்பார்களா என்று எவரும் கேட்பதில்லை. நாம் இரண்டாம் ஞாயிறன்று இக்கேள்வியை அவையின்முன் வைத்தோம். அதன்பின் திட்டம் முழுவதும் மாறிப்போயிற்று.

முதற்கண், இரவு ஒன்றே போதும் என்றாயிற்று. ஒருவருக்கு நாளொன்றுக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஐந்து லிட்டர் என்றால் பதினால்வருக்கு எழுபது லிட்டர். கை கால் கழுவவும் எதிர்பாராத தேவைக்குமாக முப்பது. ஆக நூறு லிட்டரை இருபது லிட்டர் கேன்கள் ஐந்தில் கொண்டு போகிறோம். ஒன்று உடைந்தாலும் நான்கு எஞ்சும். இரண்டு இரவு என்றால் இச்சுமை இரட்டிப்பாகும். அதை ஏற்றிக்கொண்டு சாலையை விட்டு நெடுந்தூரம் போவது இயலாது. எனவே ஜீப்பு வந்து நிற்கக்கூடிய இடமாகவும், அது இரவு முழுவதும் அங்கேயே நிற்பதாகவும் ஏற்பாடு. ஜைசல்மேருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் குரி என்னும் சிற்றூர் இருக்கிறது. மேற்கே உள்ள சாம் மணல்மேடுகளில் விடுதிக் கூடாரங்களும் இரவுக் கச்சேரிகளும் மிகுதி. குரிப் பக்கம் அமைதியானது. நகரத்து அரசு மருத்துவமனை அங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ளது.

இளைஞர்க்கு மனவருத்தம் வேண்டாமென்று வேறோர் ஏற்பாடு செய்தோம். அவர்கள் பிற்பகலில் ஒட்டகக்காரரோடு ஆறு கிலோமீட்டர் மணல்வழி நடந்து வரட்டும். முதியோரும் குழந்தைகளும் ஜீப்பில் வருவர். மாலையில் இருசாராரும் ஓரிடத்தில் கூடுவோம். தமக்கை மகன் அரைமனத்தோடு ஒப்புக்கொண்டான்.

இரண்டாவது, மறைப்பிடம். இதைக் கூடாரத்துக்கும் அடுப்புக்கும் முன்னதாக அமைப்பது என்று முடிவு செய்தோம். நான்கு கழிகள், பழைய புடவைகள் இரண்டு, ஒரு மண்வெட்டி, மருத்துவச் சாதனக் கடைகளில் கிடைக்கும் மடக்குக் கம்மோடு நாற்காலி ஒன்று. தங்குமிடத்திலிருந்து எழுபது எண்பது தப்படி தள்ளி, காற்று நம்மை நோக்கி வீசாத திசையில் குழி தோண்டி மறைப்புக் கட்ட வேண்டும். அங்கே ஒரு விளக்கு விடியும் வரை எரிய வேண்டும். கழிவை மண்ணிட்டு மூடலாம். காகிதமும் துணியும் மட்டும் பையில் கட்டித் திரும்பக் கொண்டு வரவேண்டும், ஏனெனில் ஈரமில்லா மணலில் அவை எளிதில் மக்குவதில்லை. சங்க இதழில் இதையெல்லாம் எழுதலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். எழுதக் கூசுகிற காரியத்தை எவரும் ஏற்பாடு செய்வதில்லை. அதன் பலனைப் படிக்கட்டில் சாய்கிறவர்கள் அனுபவிக்கிறார்கள்.

மூன்றாவது, குளிர். பாலை என்றதும் வெயிலையே நினைக்கிறோம். அது கோடைக்குப் பொருந்தும். அதே தார் நிலத்தைச் சேர்ந்த பலோதியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. ஆனால் தை பிறக்கும் காலத்தில், ஈரமற்ற காற்றும் மேகமற்ற வானமும் பகலில் பெற்ற சூட்டைப் பொழுது சாய்ந்ததும் விட்டுவிடுகின்றன. இரவில் பத்து டிகிரிக்கும் கீழே இறங்கும். குளிரலை வந்தால் இன்னும் குறையும். அங்கே சூரியன் உதிப்பது ஏழரை மணியளவில்தான். ஆகவே இரவு பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேல் நீளும். ஆளுக்கு இரண்டு கம்பளி, அடியில் விரிக்கத் தடித்த விரிப்பு, குல்லாய், காலுறை அவசியம். குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்குமாதலால் மணல் மேடுகளுக்கிடையே உள்ள குழியில் படுக்கலாகாது. காற்றடிக்கும் உச்சியிலும் ஆகாது. முதியோர் இருவருக்கும் அவ்வூர்க் கயிற்றுக் கட்டில் வாடகைக்குப் பேசியிருக்கிறோம். தரையிலிருந்து எழுவது அவர்களுக்குக் கடினம். தேளுக்கும் விரியனுக்கும் அஞ்ச வேண்டிய தேவையும் கட்டிலில் குறைவு. காலணியை உதறிய பிறகே அணிய வேண்டும் என்று குழந்தைகளுக்கு இப்போதிருந்தே பழக்குகிறோம்.

குளிர் காய விறகு வேண்டுமே என்றார் சிற்றப்பா. அங்கே மணலில் தனித்து நிற்கும் மரத்தைக் 'கேஜ்ரி' என்பார்கள். நம் கோயில்களில் தல விருட்சமாக நிற்கும் வன்னியே அது. இங்கே தெலுங்கு மக்கள் 'ஜம்மி' என்று வழங்கி, தசராவன்று அதன் இலையைப் பொன்னென்று ஒருவர்க்கொருவர் கொடுத்துக்கொள்வதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். தெலங்கானாவுக்கும் ராஜஸ்தானத்துக்கும் மாநில மரம் அதுவே. ஜோத்பூருக்கு அருகே கேஜட்லி என்னும் ஊரில் 1730-ஆம் ஆண்டு அம்மரங்களை வெட்டவிடாமல் தழுவி நின்று பிஷ்ணோய் மக்கள் 363 பேர் உயிர் நீத்தனர். அம்மண்ணில் ஒரு கிளையையும் ஒடிப்பதற்கில்லை. வேண்டிய விறகை ஊரில் விலை கொடுத்து வாங்கிச் செல்வோம்.

இனிப் பிரயாண விஷயம். காச்சிகுடாவிலிருந்து ஜோத்பூரை அடுத்த பகத் கி கோட்டிக்கு 2025-ஆம் ஆண்டு முதல் விரைவு வண்டி விடப்பட்டிருக்கிறது. வண்டியிலேயே இரண்டு இரவுகள் கழியும். ஜோத்பூரிலிருந்து ஜைசல்மேர் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். முன்பதிவுக் காலம் 120 நாளாக இருந்தது 2024 நவம்பர் முதல் 60 நாளாகிவிட்டது. பழைய கணக்கில் இருப்போர் கவனிக்க. ஒரு விண்ணப்பத்தில் ஆறு பேருக்கு மேல் எழுத முடியாது. பெரும்பாலோர் செய்யும் தவறு, முதியோரையும் இளையோரையும் ஒரே சீட்டில் கலந்து எழுதுவது. அறுபது நிறைந்த ஆடவர்க்கும் நாற்பத்தைந்து நிறைந்த பெண்டிர்க்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. ஆனால் அத்தகையோர் ஒருவரோ இருவரோ மட்டும் உள்ள சீட்டுக்கே அது பொருந்தும். ஆகையால் அத்தையாருக்கும் தாயாருக்கும் தனிச் சீட்டு, மற்றப் பன்னிருவருக்கு இரண்டு சீட்டு என்று பிரித்து எழுதவிருக்கிறோம்.

அடுப்பையும் எரிவாயு உருளையையும் வீட்டிலிருந்து எடுத்துப் போகலாம் என்று ஒருவர் சொன்னார். கூடவே கூடாது. 2023 ஆகஸ்டு 26 அன்று மதுரை நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியொன்றில், விதிக்கு மாறாகக் கொண்டுவந்த எரிவாயு உருளையால் தீப்பற்றி ஒன்பது பேர் மாண்டதை நாம் மறக்கலாகாது. பாத்திரமும் அரிசியும் பருப்பும் வெல்லமும் இங்கிருந்து போகும். அடுப்பு அங்கே கிடைக்கும்.

இரண்டொரு எச்சரிக்கைகள். அப்பகுதியில் பெரும்பரப்பு பாலைவனத் தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. கானமயில் என்னும் அருகிவிட்ட பறவையின் கடைசிப் புகலிடங்களில் ஒன்று அது. வனத்துறையின் அனுமதியின்றி அதனுள் தங்குவது குற்றம். பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய இடங்களுக்கும் தனி அனுமதி வேண்டும். எனவே எந்த இடத்தில் கூடாரம் அடிக்கலாம் என்பதை உள்ளூர் வழிகாட்டியிடமும் அதிகாரிகளிடமும் முன்னரே உறுதி செய்துகொள்ள வேண்டும். கைப்பேசி எல்லா இடத்திலும் பேசாது; உரிமமின்றிச் செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருப்பது நம் நாட்டில் சட்டவிரோதம். ஆகவே நம் பெயர்களும் தங்குமிடமும் திரும்பும் நேரமும் எழுதிய தாள் ஒன்றை ஜைசல்மேர் விடுதியில் கொடுத்துவிட்டுப் போவோம். குழந்தைகள் கழுத்தில் ஆளுக்கொரு ஊதல். அத்தையார் இரத்த அழுத்தத்துக்கு உண்ணும் மாத்திரை சிறுநீரைப் பெருக்குவது. பிரயாண நாட்களில் அதை எவ்வாறு உண்பது என்று மருத்துவரைக் கேட்டு எழுதி வாங்கியிருக்கிறோம். ஒரு லிட்டர் கொதித்தாறிய நீருக்குச் சர்க்கரை ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, இரண்டும் தலை தட்டி. இந்த அளவை வீட்டில் யாவரும் மனப்பாடம் செய்துவிட்டோம்.

ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடப் பெறாத அம்மக்கள், இராமநாதபுரத்தார் ஊருணியைக் காத்ததுபோல், மழைநீரைக் குளத்திலும் குண்டத்திலும் தேக்கிப் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தவர்கள். விருந்தினராகப் போகும் நாம் அவர்கள் நீரை வீணாக்காமல் இருக்கக் கடமைப்பட்டவர்கள். அதே வேளையில், நம்மவர் எவரும் தாகத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திராதபடி பார்ப்பதும் கடமையே.

மூன்றாம் ஞாயிறன்று இவ்வளவையும் அத்தையாரிடம் படித்துக் காட்டினோம். கட்டிலைப் பற்றியோ கம்பளியைப் பற்றியோ அவர் ஒன்றும் கேட்கவில்லை. மறைப்பிடத்தைப் பற்றிய பகுதியை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். கேட்டு முடித்துச் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "புடவை இரண்டு போதாது, காற்றில் பறக்கும். என் பழைய ஒன்பது கெஜம் ஒன்று பெட்டியில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். அடுக்களை வாயிலில் நின்றிருந்த அண்ணியாரைப் பார்த்து, "பொங்கப் பானை எது கொண்டு போகிறோம், வெண்கலமா?" என்று கேட்டார்.

வெண்கலம்தான். போகி இரவு மணலில் கழிந்து, தைப் பொங்கல் அங்கே பொங்கும். திரும்பி வந்து மாசி இதழில் எழுதுவோம்.