வண்டி நிற்கட்டும்: சிறு ரயில் நிலையங்கள் குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

ராயபுரம் என்றதும் ரயில் வரலாறு அறிந்தவர்களுக்குச் சென்னை ராயபுரம்தான் கண்முன் வரும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று அங்கிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. மெட்ராஸ் ரயில்வே கம்பெனி போட்ட அந்தத் தண்டவாளம் ஆறே ஆண்டில், 1862-இல், சங்ககிரி, ஈரோடு தாண்டி, திருப்பூர் வழியாகப் போத்தனூரைத் தொட்டுவிட்டது. வழியில் அது தொட்ட திருப்பூரிலும் ஒரு ராயபுரம் உண்டு. பனியன் கம்பெனி வாடை மாறாத அந்தத் திருப்பூர் ராயபுரத்திலிருந்து இயங்கும் பயணிகள் அமைப்பு, ஊரில் பல நாளாகப் பேசப்படும் ஒரு கேள்விக்குத் தன் பதிலை இங்கே வெளிப்படையாக வைக்கிறது.

கேள்வி இதுதான். டிக்கெட் வருமானம் குறைந்த கிராமத்து ரயில் நிலையங்களை வைத்துக்கொள்வதா, கைவிடுவதா? வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அமைப்பின் நிலைப்பாடு. மூடப்பட்டவற்றுள் ஆள் நடமாட்டம் உள்ள ஊர்களில் வண்டி மறுபடி நிற்க வேண்டும். இனி எந்த நிலையத்தின் நிறுத்தத்தையும் அந்த ஊர் மக்களைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

ஒரு நிலையம் முதலில் அழிவது கால அட்டவணையில்தான். காலை வண்டியின் நிறுத்தம் போகும். பிறகு டிக்கெட் கவுண்டர் ஒரு வேளை மட்டும் திறக்கும். அடுத்து ஸ்டேஷன் மாஸ்டர் பணியிடம் போய், டிக்கெட் விற்க ஒரு கமிஷன் ஏஜென்ட் உட்காருவார். அவருக்கும் கட்டுப்படியாகாத நாளில் கதவு சாத்தப்படும். மூன்று மொழியில் ஊர்ப்பெயர் எழுதிய மஞ்சள் பலகை இன்னும் சில காலம் வெயிலில் நிற்கும். கட்டடத்தை இடிக்கும்போது ஊரில் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியவர்கள் அதற்குள் டவுன் பஸ்ஸுக்கும் கம்பெனி வேனுக்கும் பழகியிருப்பார்கள்.

திருப்பூர் மாவட்டத்தின் தெற்குப் பகுதியிலும் அதை ஒட்டிய பொள்ளாச்சிப் பக்கத்திலும் இது கண்ணெதிரே நடந்தது. திண்டுக்கல்லிலிருந்து பழநி, உடுமலை வழியாகப் பொள்ளாச்சிக்கு 1928-இல் மீட்டர்கேஜ் பாதை வந்தது. அதற்கு முன்பே, 1915-இல், போத்தனூர்–பொள்ளாச்சிப் பாதை திறந்திருந்தது. அகலப்பாதைப் பணிக்காக இரண்டிலும் வண்டிகள் நிறுத்தப்பட்டன. பழநி–பொள்ளாச்சி 2015-இலும், பொள்ளாச்சி–போத்தனூர் 2017-இலும் திரும்பி வந்தன. பாதை அகலமானது, வண்டியின் வேகமும் கூடியது. ஆனால் மீட்டர்கேஜ் வண்டி நின்ற இடமெல்லாம் திரும்பி வரவில்லை. போத்தனூருக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே இன்று பயணிகளுக்குக் கிணத்துக்கடவு ஒன்றுதான். கோவில்பாளையத்தில் வண்டி நின்றது பெரியவர்கள் சொல்லும் சங்கதியாகிவிட்டது. மடத்துக்குளம் பக்கத்து ஜனங்கள் விரைவு வண்டி ஏற வேண்டுமானால் உடுமலைக்கோ பழநிக்கோ போயாக வேண்டும். உடுமலையைத் தாண்டினால் வரும் நிலையத்தின் பெயர் மைவாடி ரோடு.

அந்த ‘ரோடு’ என்ற ஒட்டைக் கொஞ்சம் கவனிக்கலாம். ஊர் ஒரு பக்கம், தண்டவாளம் ஒரு பக்கம் என்று இருந்த இடங்களில், இங்கே இறங்கினால் அந்த ஊருக்குச் சாலை உண்டு என்று சொல்ல வைத்த பெயர் அது. வாலாஜா ரோடு, கொடைக்கானல் ரோடு, ஆனைமலை ரோடு, சூலூர் ரோடு எல்லாம் அப்படித்தான். தள்ளி இருக்கும் ஊரையும் சேர்த்துக்கொள்ள ரயில்வே அன்று எடுத்த அக்கறை இந்தப் பெயர்களில் பதிந்திருக்கிறது. இன்று மாவட்டத்தில் அந்த அக்கறை இருக்கிறதா என்று அமைப்பு கேட்கிறது.

மெயின் லைனில் நிலைமை இந்த அளவு மோசமில்லை. ஈரோட்டிலிருந்து கோவைக்கு வரும் வழியில் ஈங்கூர், விஜயமங்கலம், ஊத்துக்குளி, கூலிபாளையம், திருப்பூருக்கு மேற்கே வஞ்சிபாளையம், சோமனூர் என்று சிறு நிலையங்கள் இன்னும் இருக்கின்றன. ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பேர்போன ஊர். சோமனூர் விசைத்தறிக்காரர்களின் ஊர். ஈங்கூர்ப் பக்கம் சென்னிமலைக் கைத்தறியும் சிப்காட்டும். இத்தனை வேலை நடக்கும் வட்டாரத்தில் நிலையங்கள் ஏன் வெறிச்சோடுகின்றன?

வேலை நேரத்துக்கும் வண்டி நேரத்துக்கும் பொருத்தமில்லை என்பதே முதல் காரணம். பனியன் கம்பெனியில் காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார வேண்டும். ஆர்டர் நெருக்கும்போது ஒன்றரை ஷிப்ட். வெளியே வர இரவு எட்டு, எட்டரை. ஓவர்லாக் டெய்லரோ செக்கிங் பெண்ணோ ஊத்துக்குளியிலிருந்து வருகிறார் என்றால், எட்டு மணிக்குள் திருப்பூரில் இறக்கிவிடும் வண்டியும், ஒன்பது மணி வாக்கில் திரும்பக் கூட்டிப்போகும் வண்டியும் இருந்தால்தான் அவருக்கு ரயில் என்பது ரயில். நடுப்பகலில் வந்து நிற்கும் பாசஞ்சரால் அவருக்கு ஒன்றும் ஆவதில்லை. நேரம் பொருந்தாததால் டிக்கெட் குறைகிறது; டிக்கெட் குறைந்ததைக் காட்டி நிறுத்தம் குறைகிறது. கணக்கிலும் ஒரு கோளாறு இருக்கிறது. திருப்பூர் கவுண்டரில் எடுக்கும் சீசன் டிக்கெட்டும் திரும்பும் டிக்கெட்டும் திருப்பூர் வருமானமாகவே பதிவாகின்றன. அந்தப் பயணி தினமும் ஏறி இறங்கும் சிறு நிலையத்தின் ஏட்டில் அவர் இல்லை.

2020-இல் கொரோனா வந்தது இந்தச் சரிவை வேகப்படுத்தியது. பயணிகள் வண்டிகள் மொத்தமாக நின்று, திரும்பியபோது சிறப்பு ரயில் என்ற பெயரில் விரைவு வண்டிக் கட்டணத்தோடு வந்தன. பத்து ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் முப்பது ரூபாய் ஆனது. பழைய கட்டணம் திரும்பியது 2024 பிப்ரவரியில்தான். வாரக்கூலி வாங்கும் ஒருவர் நான்கு வருடம் ரயிலை மறந்திருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

மறுதரப்பின் வாதத்தை அமைப்பு ஒதுக்கவில்லை. ஈரோடு–கோவைப் பாதை நெரிசலானது. சரக்கு வண்டி, கேரளத்துக்கும் வடக்கே தன்பாத் வரைக்கும் போகும் நீண்டதூர வண்டி என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு நிறுத்தமும் சில நிமிடங்களைத் தின்னும். ஆகவே கூலிபாளையத்தில் எக்ஸ்பிரஸ் நிற்க வேண்டும் என்று அமைப்பு கேட்கவில்லை. சட்டென வேகமெடுத்துச் சட்டென நிற்கும் மெமு வண்டி இப்படிப்பட்ட குறுந்தூர நிறுத்தங்களுக்கென்றே உள்ளது. பக்கத்திலேயே கோவை–மேட்டுப்பாளையம் பாதையில் அது ஓடுகிறது. நெடுங்காலம் வண்டி நிற்காமல் கிடந்த துடியலூரிலும் பெரியநாயக்கன்பாளையத்திலும் இன்று அந்த மெமு நின்று செல்கிறது.

கைவிட்ட பாதை எப்போது திரும்பும், எப்போது திரும்பாது என்பதற்குத் தமிழ்நாட்டில் இரண்டு சாட்சிகள் உண்டு. மதுரை–போடிப் பாதை 1928-இல் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தையே பெயர்த்தெடுத்தார்கள். ஐம்பதுகளில் மறுபடி போட்டார்கள். அகலப்பாதைக்காக மீண்டும் மூடி, 2023 ஜூனில் போடிக்கு ரயில் வந்தபோது ஊரே திரண்டு நின்று வரவேற்றது. கிருஷ்ணகிரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. திருப்பத்தூரிலிருந்து 1905-இல் வந்த குறும்பாதை பின்னாளில் போனது போனதுதான். மாவட்டத் தலைநகரான பிறகும் அந்த ஊருக்கு ரயில் கிடையாது. தனுஷ்கோடியை 1964 டிசம்பர் புயல் கொண்டுபோனது. அதற்கு யாரும் பொறுப்பில்லை. கிருஷ்ணகிரியை எந்தக் கடலும் கொண்டுபோகவில்லை.

யாழ்ப்பாணத்தை நினைத்தால் நம்பிக்கை வருகிறது. போரால் 1990-இல் நின்ற வடக்குப் பாதையில் 2014 அக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும், அடுத்த ஜனவரியில் காங்கேசன்துறை வரையும் வண்டி போனது. கொடிகாமம், சாவகச்சேரி போன்ற இடை நிலையங்களையும் சேர்த்தே கட்டினார்கள். பெரிய ஊரை இணைத்தால் போதும் என்று விட்டுவிடவில்லை.

கட்டடங்களைப் பற்றியும் அமைப்புக்கு ஒரு கருத்து இருக்கிறது. நாட்டில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் சென்னை ராயபுரத்தினுடையது. பாழடைந்து கிடந்த அதை 2005-இல் புதுப்பித்தார்கள். கொங்கு நாட்டுச் சிறு நிலையங்களில் அப்படித் தூண் வைத்த மாளிகைகள் இல்லை. ஓட்டுக் கூரை, மர பெஞ்ச், கல் மேடை, கேங்மேன் குடியிருப்பு, ஒரு கிணறு, நிழலுக்கு வேம்போ புளியோ. அவ்வளவுதான் சொத்து. அம்ரித் பாரத் திட்டத்தில் திருப்பூர் நிலையம் புதுமுகம் பெறுவதை அமைப்பு மனமார வரவேற்கிறது. அதே கையோடு, மாவட்டத்தின் சிறு நிலையங்களில் எதை இடிப்பதானாலும் முன்னதாக அளந்து, படமெடுத்து, பழைய பலகைகளையும் பதிவேடுகளையும் பாதுகாத்துவிட்டுத்தான் இடிக்க வேண்டும். வண்டி நின்றுபோன இடங்களில் இங்கே இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை நிலையம் இருந்தது என்று ஒரு கல்லாவது நடப்பட வேண்டும்.

ஒரே மாவட்டத்தின் ரயில்பாதைகள் இரண்டு ரயில்வே கோட்டங்களில் இருப்பதால், இந்தக் கோரிக்கைகளுக்கான மனுவும் இரண்டாகப் போகிறது. உடுமலை, மைவாடி ரோடு பகுதிக்கானது மதுரைக் கோட்டத்துக்கு. ஊத்துக்குளி முதல் சோமனூர் வரைக்கானது சேலம் கோட்டத்துக்கு. சேலத்துக்குப் போகும் மனுவில் முதல் வரியே, காலை எட்டு மணிக்குள் திருப்பூர் வந்து சேரும்படி இருபுறமிருந்தும் ஒவ்வொரு மெமு வேண்டும் என்பது. இரவு ஒன்பது மணிக்குத் திரும்பும் வண்டிகள் இரண்டாவது வரி.